சூரிய ஒளி மின்சாரமும் நமது பள்ளிவாசலும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)

 

நமது பள்ளிவாசலின் மாடியில் சூரிய மின்தகடுகளை அமைக்கலாம் என்னும் கருத்தை ஜமாஅத்தார் சிலர் முன்வைத்துள்ளனர். நற்கருத்தே. எனினும், ஜமாஅத்தின் நிதி ஓர் அமானிதம். உண்டியலில் விழும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாம் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள். ஆகவே, அத்தகடு எவ்வாறு மின்சாரம் தருகிறது, எப்போது தராது என்பதை அறிந்த பின்னரே முடிவெடுத்தல் நலம்.

மின்தகட்டின் உயிர்நாடி சிலிக்கன். மணலிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கப்படும் பொருள் இது. மெல்லிய சிலிக்கன் வில்லையின் ஒரு பக்கத்தில் பாஸ்பரசும் மறுபக்கத்தில் போரானும் மிகச் சிறிதளவு கலக்கப்படுகின்றன. இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகிறது. சூரிய ஒளி படும்போது, ஒளித்துகள்கள் அணுக்களோடு பிணைந்துள்ள எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. விடுபட்டவை கண்டபடி அலையாமல், மின்புலம் அவற்றை ஒரே திசையில் செலுத்துகிறது. ஜும்ஆ முடிந்த கூட்டம் ஒருவழி வாசலால் வெளியேறுவது போன்றது இது. அந்த ஓட்டமே மின்னோட்டம். ஒரு செல் ஏறத்தாழ அரை வோல்ட்டே தரும். ஆதலால் பல செல்களைத் தொடராக இணைத்துத் தகடாக்குகின்றனர். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான சிலிக்கன் செல், விழுந்த ஒளியாற்றலில் சுமார் 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் பல 20 விழுக்காட்டைத் தாண்டியுள்ளன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, மின்சாரம் தருவது ஒளியே, வெப்பம் அன்று. தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசைத் தாண்டினால், ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். கத்திரி வெயிலில் கொதிக்கும் மாடியில் தகடுகளைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்றோட இடம் விட வேண்டும்.

இரண்டாவது, நிழல். தொடராக இணைந்த செல்களில் சிலவற்றின்மீது நிழல் விழுந்தாலும் அவ்வரிசையின் மின்னோட்டமே குன்றும். மயிலாப்பூரின் தென்னைகளும் தியாகராய நகரின் அடுக்குமாடிகளும் மட்டுமல்ல, நமது மினாராவும் நிழல் தரும். நிழலை அளந்து அஸர் நேரத்தை அறிந்த சமுதாயம் நாம். காலை, நண்பகல், மாலை என மூவேளையும் மாடியின் நிழலை அளந்த பின்னரே இடம் குறிக்க வேண்டும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிழலற்ற இடம் ஏறத்தாழ 100 சதுர அடி தேவை. சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும்.

மூன்றாவது, தகடு மின்சாரத்தைச் சேமிக்காது. லுஹருக்கும் ஜும்ஆவுக்கும் அது துணை நிற்கும். இஷாவுக்கும் தராவீஹுக்கும் நிற்காது. மின்வாரிய இணைப்போடு மட்டும் சேர்ந்து இயங்கும் அமைப்பு, மின்தடையின்போது பகலிலும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தாக்கியபோது, சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் அறிவோம். அத்தகைய நாளில் பாங்கு ஒலிக்கவும் சில விளக்குகள் எரியவும் வேண்டுமெனில், மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியே வேண்டும். உளூவுக்கான நீரை நண்பகலுக்கு முன்பே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிட்டால், அதுவும் ஒருவகைச் சேமிப்பே.

தகடு வாங்குமுன் செலவைக் குறைப்பது அறிவுடைமை. 75 வாட் மின்விசிறிகள் 40 சுழன்றால் 3,000 வாட் செலவாகும். 30 வாட்டில் சுழலும் பி.எல்.டி.சி. விசிறிகளாயின் 1,200 வாட் போதும். அடையாற்றுக்கு அருகிலுள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினரும் இவ்வழியையே காட்டினர். தகடு தருவது நேர்மின்னோட்டம்; அதை மாறுமின்னோட்டமாக்கும்போது ஒரு பகுதி வீணாகிறது. ஆகவே, நேர்மின்னோட்டத்திலேயே விளக்கும் விசிறியும் இயங்கும் முறையை வகுத்து, இராஜஸ்தானின் பாலைநிலக் கிராமங்களில் நிறுவினர்.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அது குடியிருப்புகளுக்கானது. ஜமாஅத்தார் தத்தம் இல்லங்களுக்கு அதனை ஆராயலாம். பள்ளிவாசலின் வரவுசெலவில் அதைச் சேர்த்துக் கணக்கிடலாகாது.

எனவே, முதலில் மின்விசிறிகளை மாற்றுவோம். ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளைத் தொகுப்போம். மாடியின் நிழலை அளப்போம். மின்வாரிய விதிகளை எழுத்து மூலம் கேட்டறிவோம். அதன்பின் விலைப்புள்ளி கோருவோம். வீண்விரயம் தவிர்த்து அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.