வரைகலைத் தொழிலுக்குப் பட்டம் வேண்டுமா?

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



விளம்பரமும் நூலட்டையும் அமைக்கும் வரைகலைத் தொழிலுக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டுமா? "கணினி பழகினாற் போதும்" என்கின்றனர் இளைஞர். "பட்டமில்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்?" என்கின்றனர் பெற்றோர். இரு சாராருக்கும் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்ட விரும்புகின்றேன்.

அமெரிக்காவிலே டெற்றோயிற் நகரத்தவர் எட்வேட் பெல்லா. அங்குள்ள காஸ் தொழில்நுட்பப் பாடசாலையில் 1957இல் படிப்பை முடித்தார். பின்னர் பட்டமெதுவுமின்றி ஏறக்குறைய 30 ஆண்டுகள் விளம்பரச் சித்திரக்காரராய் உழைத்தார். ஆகவே, பட்டமின்றியும் பிழைக்கலாம் என்பது மெய்யே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1985இல், ஐம்பதை நெருங்கும் வயதிலே, கிரான்புறூக் கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார்! 1987இல் முதுமாணிப் பட்டம் பெற்று, கலிபோர்னியக் கலை நிறுவகத்தில் ஆசிரியருமானார்.

வயிற்றுப்பாடு மட்டுமே நோக்கமாயின் அவர் மீண்டும் படித்திருக்க வேண்டியதில்லை. வேலைத்தலத்தில் வாடிக்கைக்காரர் கேட்டதைச் செய்கின்றோம், கல்விக்கூடத்திலோ, "ஏன் இப்படிச் செய்கின்றோம்?" என்று நம்மை நாமே கேட்கின்றோம்.

பெரியோர்களே, பிள்ளைகளின் சான்றிதழைக் கேட்குமுன் அவர்கள் கைவேலையைப் பாருங்கள். இளைஞர்களே, வேலை கிடைத்ததும் படிப்பு முடிந்ததென்று எண்ணாதீர்கள்.