நாளுக்கொரு படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

"ஜப்பானில் இருந்தபோது நாள்தோறும் ஒரு படம் எடுத்தீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று நம் செயலாளர் பணித்தார். படங்களைத் திரையில் காட்டிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவ்வாறு செய்யப் போவதில்லை. எடுத்த படங்களைக் காட்டிலும், எடுத்துவந்த பழக்கத்தைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன். அதற்கு முன்னர், படம் பிடிக்கும் கருவியோடு ஜப்பான் நாட்டில் வாழ்ந்த தமிழருள் நமக்கு முன்னோடியான ஒருவரை நினைவுகூர்தல் முறையாகும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் ஏ. கே. செட்டியார். 'தனவணிகன்' என்னும் இதழைப் பர்மாவில் நடத்திய இளைஞர். 1930களின் நடுவில் தோக்கியோ நகருக்குச் சென்று புகைப்படக் கலை பயின்றார். கடல் கடந்த தமிழர் வாணிகத்துக்கோ, தோட்ட வேலைக்கோ, உத்தியோகத்துக்கோ சென்ற காலம் அது. படம் பிடிக்கக் கற்பதற்கென்றே ஒருவர் கப்பலேறினார் என்றால், அதனைக் கேட்ட உறவினர் என்ன எண்ணியிருப்பர்! கற்றுக்கொண்டவர் அத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவுக்கும் சென்று நியூயார்க்கில் மேலும் பயின்றார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பின்னர் நாடு நாடாய்ச் சென்று, ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்து, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களை 50,000 அடி அளவுக்குத் தேடிச் சேர்த்தார். அவற்றினின்றும் தொகுத்த படம் 1940இல் தமிழில் வெளிவந்தது.

அந்தப் படம் பின்னர் என்ன ஆயிற்று? நெடுங்காலம் அதன் பிரதி எங்குள்ளது என்றே தெரியாதிருந்தது. 1953இல் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற சுருங்கிய ஆங்கில வடிவம், அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் முயற்சியால் நமக்குக் கிட்டியது. உலகறிந்த மாமனிதரைப் பற்றிய படத்துக்கே இந்நிலை என்றால், நம் வீட்டுப் படங்களின் கதி என்னவாகும்? இந்தக் கேள்வியே இன்றைய பேச்சின் உயிர்நாடி.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகலைப் பொறுத்தருள வேண்டும். செட்டியார் தோக்கியோவில் பயின்ற அந்த ஆண்டுகளில்தான், அந்நகரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் ஜப்பானியக் கருவி ஒன்றை உருவாக்க முயன்றுகொண்டிருந்தது. 1934இல் அக்கூடத்தார் அமைத்த முதல் மாதிரிக்குக் 'குவானன்' என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய 'கேனன்' என்னும் பெயர் அதினின்றும் வந்ததே. குவானன் என்பது அவர்கள் வணங்கும் அருள் தெய்வம். நாம் அவலோகிதர் என்று அறிந்தவர். அந்த அவலோகிதரிடமே அகத்தியர் தமிழ் கற்றார் என்று 'வீரசோழியம்' என்னும் நம் இலக்கண நூல் கூறுகின்றது. அகத்தியருக்குத் தமிழும் ஜப்பானியர்க்குக் கருவியும் ஒரே தெய்வத்தின் பெயரால் வந்தன என்று எண்ணி நான் அந்நாட்டில் பல நாள் மகிழ்ந்திருக்கின்றேன்.

இனி என் கதைக்கு வருவேன். 2014 ஏப்ரல் முதல் 2016 மார்ச் வரை நகோயா நகரை அடுத்த ஓர் ஆலையில் பணி செய்தேன். 2016இல் பிப்ரவரிக்கு 29 நாள். ஆகவே மொத்தம் 731 நாட்கள், 731 படங்கள். எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள் மூன்றுதாம். நாளுக்கு ஒரு படமே எடுத்தல் வேண்டும். அது நன்றாக அமையவில்லை என்று மறுபடி எடுத்தல் கூடாது. அன்றிரவு உறங்குமுன் அப்படத்தைப் பற்றி ஒரு வரியேனும் தமிழில் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். மூன்றனுள் மூன்றாவதுதான் கடினம். ஆலையிலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி, அரிசியை மின் குக்கரில் இட்டுவிட்டு, அன்றைய படத்துக்கு ஒரு வரி தேடுவது எளிதன்று. ஆயினும் அந்த வரிதான் படத்துக்கு உயிர். படம் முகத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. மழையைக் காட்டும், அன்று ஏன் குடையின்றிச் சென்றேன் என்பதைச் சொல்லாது.

முதல் மாதத்துப் படங்களைப் பார்த்தால் எல்லாம் செர்ரி மலரும் கோயிலும் கோட்டையுமாக இருக்கும். அவற்றை அங்காடியில் விற்கும் அஞ்சலட்டையிலேயே இதனினும் நன்றாகக் காணலாம். இரண்டாம் மாதத்தில் அவை தீர்ந்துவிட்டன. இனி எதை எடுப்பது? அப்போதுதான் கண் திறந்தது. ஆலை வாயிலில் நனைந்த குடைகள் வரிசையாக நிற்பது. உடன் பணி புரிந்தவர் தம் மனைவி கட்டிக் கொடுத்த மதிய உணவுப் பெட்டியை இரு கையாலும் ஏந்தித் திறப்பது. குளியலறைக்கென்று தனியே வைத்திருந்த செருப்பு. இரவில் ஆளில்லாத் தெருவில் தனித்து ஒளிரும் பானம் விற்கும் பொறி. இவைதாம் பின்னர் என் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்த்த படங்கள்.

நாளை நாளாகப் பார்க்கும் இப்பழக்கம் அந்நாட்டார்க்குப் புதிதன்று. ஆண்டினை நாம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தோம். அவர்களோ பழைய சீன முறையைத் தழுவி, எழுபத்திரண்டு சிறு பருவங்களாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நாள். 1685ஆம் ஆண்டுப் பஞ்சாங்கச் சீர்திருத்தத்தின்போது அவற்றைத் தம் நாட்டுத் தட்பவெப்பத்திற்கேற்ப மாற்றியும் அமைத்தனர். கீழைக்காற்று பனிக்கட்டியை உருக்கும் ஐந்து நாள், தவளை பாடத் தொடங்கும் ஐந்து நாள், மண்புழு மேலே வரும் ஐந்து நாள் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். மண்புழுவுக்கும் பஞ்சாங்கத்தில் இடம் கொடுத்த மக்கள் அவர்கள்! நம் அகநூல்களில் ஒரு நண்டின் நடையையும் விடாது கண்டு பாடிய புலவர்கள் இதனைக் கேட்டால் வியந்திரார்; உடன்பிறந்தார் என்றே கொண்டாடியிருப்பர்.

எதையும் எடுக்கலாம் என்று எண்ணிவிடுதலும் தகாது. ஜப்பானில் விற்கும் கைப்பேசிகளில் படம் எடுக்குங்கால் எழும் ஒலியை அடக்க வழியில்லாதவாறே செய்திருப்பர். அயலாரை அவர் அறியாமல் எடுப்பதைத் தடுக்கும் பொருட்டுச் செய்த ஏற்பாடு அது. நம்மூர்ப் பேருந்தில் உறங்குபவரையும் எடுத்து நண்பர்க்கெல்லாம் அனுப்பி நகைக்கும் இளைஞர்கள் இதனைச் சிந்தித்தல் நலம்.

எடுக்கக் கூடாதது ஒருபுறமிருக்க, எடுக்க முடியாததும் உண்டு. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரோசிமாவில் குண்டு விழுந்தபோது, யோசிதோ மத்சுசிகே என்னும் செய்தித்தாள் புகைப்படக்காரர் அவ்வூரிலேயே இருந்தார். அவர் கையில் இருந்த சுருள்களில் 24 படங்கள் எடுக்கலாம். அன்று முழுவதும் நகரில் சுற்றியும் ஏழு முறையே அவரால் விசையை அழுத்த முடிந்தது. அவற்றுள் ஐந்தே தேறின. எரிந்த உடலோடு பாலத்தருகே அமர்ந்திருந்த பள்ளிச் சிறுவரைக் கண்டு நெடுநேரம் எடுக்கவே கை வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறினார். அன்று அந்நகரின் உள்ளே நேர்ந்த துயரத்துக்கு அந்த ஐந்து படங்களே பெருஞ்சான்றாக நிற்கின்றன. தொழிலையும் இரக்கத்தையும் ஒரே கையில் ஏந்தியவர் அவர்.

2011 மார்ச் 11ஆம் நாள் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியதை நீங்கள் அறிவீர்கள். மியாகி மாநிலத்து யாமாமோதோ என்னும் சிற்றூரில், சேற்றினுள் புதைந்து கிடந்த குடும்பப் படங்களை மீட்புப் பணியாளர் ஒதுக்கித் தள்ளவில்லை, பொறுக்கிச் சேர்த்தனர். அவ்வூரில் மட்டும் ஏறத்தாழ 7,50,000 படங்கள் சேர்ந்தன. தொண்டர்கள் அவற்றைக் குளிர்ந்த நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவர் வந்து தேடிக்கொள்ளுமாறு அடுக்கி வைத்தனர். வீடும் நிலமும் இழந்தவர்கள் திருமணப் படத்தையும், பிள்ளையின் முதல் பள்ளிநாள் படத்தையும் தேடி வந்தார்கள். உரியவர் வாராத படங்களும் ஏராளம். பின்புறத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தால், அவற்றுள் எத்தனை வீடு சேர்ந்திருக்குமோ! அச்செய்தியை மனத்தில் கொண்டே என் மூன்றாவது கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டேன்.

நான் அங்கிருந்த காலமெல்லாம் என் துணைவியாரும் இங்கிருந்து நாளுக்கொரு படம் அனுப்பிவந்தார். வாசற்கோலம், அல்சூர் ஏரிக்கரை, தண்ணீர் லாரிக்கு முன் நிற்கும் குடங்கள், தொட்டிச் செடிக்கு நீர் ஊற்றும் என் மாமனார். அந்தத் தொட்டிச் செடிப் படங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கும். எப்போதும் ஒரே செடி, ஒரே பனியன், ஒரே செம்பு. இது என்ன, இதையே அனுப்புகிறாயே என்று அப்போது நகைத்தோம். இன்று அவர் இல்லை. ஸ்டுடியோவில் எடுத்து மாலையிட்டு மாட்டியிருக்கும் படத்தை வீட்டில் யாரும் நின்று பார்ப்பதில்லை. செம்போடு நிற்கும் படத்தையே என் மாமியார் கேட்டு வாங்கிப் பார்க்கின்றார்.

நம் மாநிலத்திலேயே, நம்மவர் வாழ்வு படத்தில் ஏறாமல் மறைந்த பேரூர் ஒன்று உண்டு. கோலார் தங்கவயலைச் சொல்கின்றேன். 1880களிலிருந்து வட ஆர்க்காடு, சேலம் முதலிய இடங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், நிலத்தடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்து இரும்புக் கோபுரங்களும் துரைமார் மாளிகைகளும் நூல்களில் உள்ளன. தொழிலாளர் 'லைன்' வீட்டின் அடுப்படியை, இரவு முறை முடித்து வருபவருக்காக விழித்திருந்த தாயை, திருநாளில் புதுச்சட்டையோடு நின்ற பிள்ளைகளை நான் எந்நூலிலும் கண்டிலேன். அவர்களிடம் கருவி இல்லை. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கருவி இருக்கின்றது, ஆயிரக்கணக்கில் எடுக்கின்றோம். பெயரின்றி, நாளின்றி, கைப்பேசியை மாற்றும்போது எல்லாம் போகின்றது. இல்லாமையால் இழந்ததற்கும் மிகுதியால் இழப்பதற்கும் இழப்பில் வேற்றுமை என்ன?

தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இக்காலனியில் பல உள்ளன. உங்கள் பெட்டிகளில் பழைய படம் ஒன்றிரண்டேனும் இருக்கும். அது மங்கியதாயினும், கிழிந்ததாயினும் கொண்டு வாருங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் நம் நூலக அறையில் ஸ்கேனரோடு காத்திருப்பேன். படத்தை விட்டுச் செல்ல வேண்டுவதில்லை. படி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவேன். பின்புறத்தில் பேனாவால் எழுதிவிடாதீர்கள், மை ஊறிவிடும். மென்மையான பென்சில் நான் வைத்திருப்பேன். படத்தில் இருப்போர் இன்னார் என்று அடையாளம் சொல்லவல்ல பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். நடக்க இயலாதவராயின் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வருகின்றேன்.