திருச்சபைக்குள் வந்த தமிழ்



மயிலாப்பூர் என்றதும் கபாலீசுவரரும் வள்ளுவரும் நினைவில் எழுவர். தமிழ்க் கிறித்தவத்தின் பெருங்கவிஞர் ஒருவர் திருச்சபையிற் சேர்ந்ததும் இவ்வூரிலேதான். நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராய் விளங்கிய கிருஷ்ணபிள்ளை, 1858-இல் மயிலாப்பூர்த் தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் சேர்ந்தது. கிருஷ்ணன் என்னும் பெயர் நீங்கவில்லை.

பெயரில் நின்ற அவ்விணைப்பே கவிதையிலும் நின்றது. ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி அவர் 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களாய் அமைந்தது. கதை பனியனுடையது, நடை கம்பனை நினைவூட்டுவது. இடையே வரும் பக்திப் பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயர். கிறித்துவை ஏற்றவர் தமிழின் பக்தி மரபைத் துறந்துவர வேண்டும் என்போர்க்கு அவர் அளித்த விடை அது.

ஆயினும், உடன் வருவன யாவும் செல்வம் அல்ல. திருமுழுக்குப் பெற்றோருடன் சாதியும் திருச்சபைக்குள் நுழைந்தது. ஒரே பந்தியில் அமர மறுத்தோர் பலர். சாதி பேணுவோர்க்குத் திருச்சபையில் இடமில்லை என 1850-இலேயே சென்னை மிஷனரி மாநாடு அறிவித்தும் அது வெளியேறவில்லை.

கவிஞர் கொணர்ந்த தமிழ், திருச்சபைக்கு வெளியே நின்ற தமிழறிஞரையும் அந்நூலின்பால் ஈர்த்தது. சாதியோ உள்ளிருந்தோரையே பிரித்தது. மரபில் எது உடன் வரத்தக்கது, எது வாயிலிலேயே விடத்தக்கது என்பதை அளக்க இதனினும் தெளிவான கோல் வேண்டுவதில்லை.