பரண்மேல் ஏறிய வீணை

(சண்டிகர் வாழ் தமிழர் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'கலையும் வாழ்க்கையும்' என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் கலைஞன் அல்லேன். கணக்கு அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே கலையின் இலக்கணத்தை விரித்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் வீட்டு வீணை ஒன்றின் கதையை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

1987-ஆம் ஆண்டு நாங்கள் இந்நகருக்குக் குடிவந்தபோது, என் மனைவி தன் தஞ்சாவூர் வீணையையும் உடன் கொண்டுவந்தாள். கம்பளியில் சுற்றி, புகைவண்டியில் இரண்டு இரவும் அதற்குக் காவலிருந்தாள். முதல் சில ஆண்டுகள் அதிகாலையில் அதன் ஒலி எங்கள் குவார்ட்டர்ஸில் கேட்டது. பின்னர்க் குழந்தைகள் பிறந்தனர். பள்ளி, தேர்வு, நோய், விருந்தினர் என்று வேலைகள் பெருகின. "கொஞ்ச நாள் கழித்து வாசிக்கலாமே" என்று ஒரு நாள் நான் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. 1991-இல் வீணையைப் பரணில் ஏற்றியவை என் கைகளே. நான் சொன்ன அந்தக் 'கொஞ்ச நாள்' இருபத்திரண்டு ஆண்டுகளாக நீண்டது.

நான் ஓய்வு பெற்ற 2013-ஆம் ஆண்டில் வீடு மாறும்பொருட்டு அதனைக் கீழே இறக்கினோம். தந்திகள் துருவேறி அறுந்திருந்தன. வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளையும் தாங்கி நிற்பது மெழுகு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இந்நகரின் கோடை வெப்பத்திலும் குளிரிலும் அம்மெழுகு வெடித்து, மெட்டுகள் பாதி உதிர்ந்து கிடந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் என் மனச்சுமை சற்றுக் குறைந்திருக்கும்.

அன்பர்களே, நம் காலனியில் இத்தகைய பரண்கள் எத்தனை! பாடத் தெரிந்தும் வாய் திறவாத தாய்மார்கள் உண்டு. ஒரு காலத்தில் நாடக மேடையில் முழங்கிய குரலை அலுவலகக் கோப்புகளுக்குள் புதைத்துவிட்ட பெரியவர்கள் உண்டு. நம் விழாக்களில் மேடை ஏறுவோர் குழந்தைகள். நாமோ கைதட்டுவதோடு அமைதி அடைந்துவிடுகிறோம். கலை என்பது குழந்தைகள் பரிசு வாங்குவதற்குரியது என்றும், நமக்கு அதன் காலம் கடந்துவிட்டது என்றும் நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

காலம் கடந்துவிடுவதில்லை என்பதற்குச் சான்று இந்நகரிலேயே இருக்கிறது. நேக் சந்த் என்பவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். 1947-இல் நாட்டுப் பிரிவினையால் தம் ஊரை இழந்து இங்கு வந்தவர். சிற்பக் கலையை எந்தப் பள்ளியிலும் பயிலாதவர். இந்நகரை அமைக்கும்பொருட்டுச் சிற்றூர்கள் இடிக்கப்பட்டபோது குவிந்த உடைந்த ஓடுகளையும் வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் மிதிவண்டியில் சேர்த்துவந்து, 1957 வாக்கிலிருந்து, அலுவல் முடிந்த பின்னர், சுக்னா ஏரியின் அருகே அரசு அறியாமல் உருவங்களைச் செய்தார். பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. வெளிப்பட்டால் வேலைக்கே கேடு. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அது அரசுக்குத் தெரிந்தது. 1976-இல் அது 'ராக் கார்டன்' என்னும் பெயரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஊரை இழந்த ஒருவர் பிறர் எறிந்த பொருள்களைக் கொண்டே மற்றோர் ஊரைச் சமைத்துக்கொண்டார்! ஊரைவிட்டு வந்த நமக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறு உண்டோ?

உலகம் போற்றிய கவிஞர் தாகூரும் ஓவியத்தில் முழுமையாக ஈடுபட்டது அறுபது வயதைக் கடந்த பின்னரே. கையெழுத்துப் படிகளில் தாம் அடித்துவிட்ட சொற்களைக் கோடுகளால் இணைத்தார். அக்கோடுகள் பறவையும் விலங்கும் முகமும் ஆயின. பிழை என்று நீக்கியதிலிருந்தே ஒரு புதிய கலை பிறந்தது. 1930-இல் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியக் காட்சி நடைபெற்றபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938-இல் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தம் படுக்கையருகே கண்ட பொருள்களை வரைந்து மனத்தைத் தேற்றிக்கொண்டார். பின்னர் மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். இன்று 'ஆர்ட் தெரபி' என வழங்கும் பெயரை 1942-இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் அவரே. கலை மருந்துக்கு மாற்று என்று நான் கூறமாட்டேன். ஆனால் வாயால் சொல்ல இயலாத துயரத்திற்கு அது ஒரு வாயில் திறக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதனை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். வீணையைத் தஞ்சைக்கு எடுத்துச் சென்று, மெழுகு வார்த்துப் புதிதாக மேளம் கட்டிக் கொண்டுவந்தோம். முதல் நாள் அவள் விரல்கள் ஓடவில்லை. தந்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த விரல்நுனிகள் மென்மையாகிவிட்டமையால் வலி பொறுக்கவில்லை. பழைய கீர்த்தனங்களை வாசிக்க முயன்று கண்ணீர் விட்டாள். மறுநாள் அவற்றை விடுத்துச் சரளி வரிசையிலிருந்து தொடங்கினாள். நாள்தோறும் கால் மணி நேரந்தான். இழந்த தேர்ச்சி முழுவதும் இன்னும் திரும்பவில்லை. எனினும் வாசித்து எழும்போது அவள் முகத்தில் நான் காண்பது, தஞ்சையில் நான் மணந்த பெண்ணின் முகம்.

அவளைக் கண்டு நானும் துணிந்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, என் தந்தையாரைப் பற்றி நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதிவருகிறேன். அச்சேற்றும் எண்ணம் இல்லை. முதல் பக்கத்தில் நான் எழுதியது மட்டும் என் தந்தையாரைப் பற்றியது அன்று. வீணையைப் பரணில் ஏற்றிய அந்த நாளைப் பற்றியது. அதனை அவளிடம் படித்துக் காட்டினேன். நேரில் கேட்கத் துணியாத மன்னிப்பை எழுத்தின் வழியாகக் கேட்டேன்.

நம் தாய்மார்கள் காலைதோறும் வாசலில் கோலம் இடுகிறார்கள். மாலைக்குள் அது அழிந்துவிடும் என்று அறிந்தே இடுகிறார்கள். அதற்கு நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. கலையை அவ்வண்ணம் கொள்வோமாக. நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்: திங்கள்தோறும் ஒரு மாலைப் பொழுதைப் பெரியவர்களுக்கென ஒதுக்குங்கள். அங்குப் போட்டி வேண்டா, பரிசு வேண்டா. தவறாகப் பாடவும் கோணலாக வரையவும் அங்கு அனைவர்க்கும் உரிமை இருக்கட்டும்.

இன்று இல்லம் திரும்பியதும் தங்கள் பரணை ஒரு முறை பாருங்கள். அங்கே இருப்பது தங்களுடையதாயின் இறக்குங்கள். தங்கள் துணைவருடையதாயின், ஏணியைத் தாங்களே பிடியுங்கள்.