ஏற்றத்தில் அறுந்த செயின்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. சைக்கிளில் ஏறுகிறவர்களுக்கு நடுவழியில் சைக்கிள் கடை கிடையாது.

செயின் அறுவது பெரும்பாலும் ஏற்றத்தில்தான். அழுத்தி மிதித்துக்கொண்டே கியரை மாற்றும்போது செயின் பக்கவாட்டில் இழுபட்டு, வெளித்தகடு பின்னை விட்டு விலகிவிடும்.

அதை வழியிலேயே சரிசெய்ய, பல கருவிகள் சேர்ந்த மல்டி டூல் வேண்டும். வாங்கும்போது அதில் எத்தனை கருவி என்ற எண்ணிக்கையில் மயங்காதீர்கள். செயினின் பின்னைத் தள்ளிக் கழற்றும் செயின் கட்டர் இருக்கிறதா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடையிலேயே ஒரு பழைய செயினில் திருகிப் பாருங்கள். கைப்பிடி குட்டையாக இருந்தால் வியர்த்த கையில் வழுக்கும். கட்டரின் முனை கொஞ்சம் கோணினாலும் அந்தக் கருவி வேண்டாம்.

கூடவே, அறுந்த செயினை இணைக்க ஒரு ஜோடி குவிக் லிங்க் அவசியம். எல்லாச் செயினிலும் பின்னுக்குப் பின் இடைவெளி அரை அங்குலம்தான், அகலம்தான் மாறும். ஆகவே 9 ஸ்பீடு செயினுக்கு 9 ஸ்பீடு லிங்க்தான் சரி.

அறுந்த வெளித்தகட்டைக் கட்டரால் கழற்றுங்கள். அந்த இடத்தில் லிங்க் அப்படியே பொருந்தும். பிறகு அந்த இணைப்பை மேல்பக்கம் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்துங்கள். 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். உள்தகடும் நெளிந்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். அப்போது செயின் குட்டையாகிவிடும். ஊர் திரும்பும்வரை முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தைச் சேர்த்துப் போடாதீர்கள்.