மூன்று நாள் ஈரமும் ஆயிரம் மணி டிராக்டரும்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்ஜினீயரிங் என்றாலே நம் வீடுகளில் கம்ப்யூட்டர்தான். விவசாயத்துக்கும் அப்படி ஒரு படிப்பு உண்டு என்றால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அலகாபாத்தில் 1942-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஆந்திராவில் பாபட்லாவில் 1983-ல் தனிக் கல்லூரியே வந்தது. நான் சொல்லப் போவது திருப்பதி பக்கத்து விஷயம். அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா வேளாண் கல்லூரி 1961 முதல் நடக்கிறது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகும் வரை அது சித்தூர் ஜில்லாதான்.

நான் பௌதிகம் படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். சித்தூரில் இருந்த வருஷங்களில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைப்பைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். மானாவாரி செம்மண். ஒரு நல்ல மழை பெய்தால் மண் பதமாக இருப்பது இரண்டு மூன்று நாள்தான். தெலுங்கில் அதைப் 'பதுனு' என்பார்கள். அதற்குள் விதை உள்ளே போக வேண்டும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் ஹெக்டேருக்கு 3.33 லட்சம் செடி. முன்பெல்லாம் ஏர் முன்னே போகும், பின்னாலேயே பெண்கள் சாலில் பருப்பைப் போட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவி. பருப்பின் தோல் உரிந்தால் முளைக்காது; ஆகையால் கருவியும் பக்குவமாக இருக்க வேண்டும்.

இனி கணக்கு. டிராக்டர் விலை 8 லட்சம், பத்து வருஷம் கழித்து 80 ஆயிரத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குத் தேய்மானம் 72,000 ரூபாய். ஆயிரம் மணி ஓடினால் மணிக்கு 72 ரூபாய்; 200 மணிதான் ஓடியது என்றால் 360. வட்டி, டீசல், டிரைவர் எல்லாம் தனி. "சொந்தமாக வாங்காதே, வாடகைக்கு எடு" என்று புஸ்தகம் சொல்வது இதனால்தான். ரொம்ப சரி. ஆனால் மழை பெய்த மறுநாள் ஊரே அந்த ஒரே வண்டிக்கு நிற்கிறதே! ஒரு கருவி நாளைக்கு 8 ஏக்கர் விதைத்தால் மூன்று நாளில் 24 ஏக்கர். 240 ஏக்கர் உள்ள கிராமத்துக்குப் பத்து கருவி வேண்டும். மீதி நாளெல்லாம் அவை ஷெட்டில்தான். நாலாவது நாள் முறை வருகிற சின்ன விவசாயி காய்ந்த மண்ணில் விதைக்கிறான், அல்லது அடுத்த மழைக்குக் காத்திருக்கிறான்.

இந்த இழுபறியைத்தான் வகுப்பில் சொல்லித் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பி.எஸ்ஸி. வேளாண்மைப் பாடத்திட்டத்தில் பண்ணை இயந்திரம் ஒரு பாடம், பண்ணை நிர்வாகம் வேறொரு பாடம். ஒன்றில் கிளட்ச், கியர். மற்றொன்றில் வரவு செலவு. பையன் இரண்டிலும் நல்ல மார்க் வாங்குகிறான். இந்தக் கிராமத்துக்கு எத்தனை கருவி வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறான்.

வழி இல்லாமல் இல்லை. கடைசி வருஷத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி அனுபவம் பெறும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தங்கும் ஊரின் மழைக் கணக்கு, ஏக்கர் கணக்கு, வண்டிக் கணக்கு மூன்றையும் ஒரே தாளில் போட்டு, பஞ்சாயத்தில் படித்துக் காட்டச் சொல்லலாம். அதற்கே பாதி மார்க் கொடுக்கலாம்.

நம் குழந்தைகள் யாராவது இந்தப் படிப்புக்குப் போக ஆசைப்பட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள். கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகளுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.