பால்வாடியின் நேரமும் தாயின் வேலை நேரமும்



மூன்று வயது நிரம்பாத குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு ஒரு தாய் கூலி வேலைக்குப் போவாள் என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டத்தையும் குழந்தை நலத் திட்டம் என்று அழைக்கும் உரிமை அரசுக்கு இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், அதாவது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்க்கும் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி முதலியவற்றைச் சேர்த்துத் தருவதற்கென வகுக்கப்பட்ட திட்டம், இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளாக, மக்கள் பேச்சில் பால்வாடிகளாக, ஊர்தோறும் நிலைத்திருக்கிறது. அந்தச் சாதனையை மறுப்பாரில்லை. ஆயினும் அங்கே அன்றாடம் வந்து அமர்பவை பெரும்பாலும் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள். கைக்குழந்தைக்கோ சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகிறது, அதைக் கிண்டி ஊட்ட வேண்டிய தாய் செங்கல் சுமக்கப் போயிருக்கிறாள்.

ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் தரலாகாது என்று சுகாதார நிலையச் சுவர்கள் அறிவுறுத்துகின்றன. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் 26 வார ஊதிய விடுப்பை வழங்கியது. ஆனால் சித்தாளுக்கும் களையெடுப்பவளுக்கும் அந்த விடுப்பைத் தர நிலையான முதலாளி என்று ஒருவருமில்லை. ஏழைத் தாய்மார்க்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் ரொக்கமாக வரும் 14,000 ரூபாயை அதே 26 வாரங்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 77 ரூபாய்கூட முழுதாகத் தேறாது. அந்தத் தொகையை நம்பி எந்தக் கூலிக்காரி ஆறு மாதம் வீட்டில் இருப்பாள்?

காப்பகம் அமைக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. தொழிற்சாலையில் 30 பெண்களுக்கு மேலும், 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டப்படி கட்டுமான இடத்தில் 50 பெண்களுக்கு மேலும் இருந்தால் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று அவை விதித்தன. பத்துப் பெண்கள் வேலை செய்யும் கட்டடமும், இரவு எட்டு மணிவரை ‘ஒன்றரை ஷிப்ட்’ ஓடும் சின்னஞ்சிறு பனியன் கம்பெனியும் அந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை. ஆகவே காப்பகத்தை வேலையிடத்தோடு கட்டிப்போடாமல் குடியிருப்போடு இணைப்பதே முறை. அதற்கு ஏற்ற இடம் பிற்பகலிலேயே பூட்டப்பட்டுவிடும் பால்வாடிதான்.

இது தமிழ்நாட்டுக்கு எட்டாத காரியமன்று. 1980-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளையே தன் முதல் பொறுப்பாகக் கொண்டது; மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தையைத் தேடிச்சென்று உணவளித்தது. அன்று மிகச் சிறிய குழந்தையிலிருந்து திட்டமிடத் தெரிந்த அரசுக்கு இன்று அது தெரியாது என்றால் நம்புவதற்கில்லை.

மாலைவரை மையம் திறந்திருக்க வேண்டும் என்றவுடன் அந்தச் சுமையை இப்போதுள்ள பணியாளரின் தலையிலேயே ஏற்றுவது பெருங்கொடுமை. ஒன்றிய அரசு தன் பங்காக அவர்களுக்குத் தருவது ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’, அதாவது தொண்டுக்குத் தரும் காணிக்கை என்ற பெயரில் வழங்கப்படும் தொகை. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. மாலை நேரத்துக்குத் தனியாக ஆள் அமர்த்தி, முறையான சம்பளம் தராமல் செய்யப்படும் எந்த விரிவாக்கமும் ஒரு பெண்ணின் உழைப்பைச் சுரண்டி இன்னொரு பெண்ணுக்கு உதவுவதாகவே முடியும்.

ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்கப்பட வேண்டும் என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கேட்கும் உரிமை மக்களிடம் இருக்கிறது. மே 1 அன்று கூடும் கிராம சபையில் ஒவ்வொரு ஊரும், தன் தெருக்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்தம் தாய்மார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று எழுதி, அந்த நேரம் முழுவதும் பால்வாடி திறந்திருக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புக.